கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வருகிறார்கள், சங்கத்தைக் கலைத்துவிடலாமா?

கேள்வி | 2024 ஜூன் 11

எங்கள் நகரில் 140 வீடுகள். நலச்சங்கம் பதிவு செய்து பல வருடம் ஆகிறது. போன ஞாயிறு பொதுக்குழு. வந்தது ஒன்பது பேர், அதில் ஐந்து பேர் நிர்வாகிகள். சந்தா பாதிக்கு மேல் பாக்கி. வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் ராத்திரி பதினோரு மணி வரை சண்டை. மாநகராட்சி இருக்கிறது, ஆப் இருக்கிறது, கவுன்சிலர் இருக்கிறார். நகரத்தில் தன்னார்வச் சங்கம் என்பது காலம் போன சமாச்சாரம் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். கலைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? சங்கம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 11, இரவு

கலைக்காதீர்கள்.

மடிப்பாக்கம் பக்கம் ஐந்து தெருக்கள் சேர்ந்த சங்கம் எங்களுடையது. பொருளாளராக இருந்தேன், இப்போது செயலாளர். ஒன்பது பேர் வந்தது பெரிய குறை இல்லை. ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அந்த ஒன்பது பேரே போதும். நீங்கள் சொன்ன இன்னொரு எண்தான் எனக்கு உறுத்துகிறது. 140 வீடு என்றீர்களே, அது கேட் கணக்கா, குடும்பக் கணக்கா? காலையில் நடக்கப் போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை ஈ.பி. மீட்டர் மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். கீழே ஒரு போர்ஷன், மாடியில் இரண்டு, மொட்டை மாடியில் ஷீட் போட்டு ஒன்று. அவர்களில் எத்தனை பேருக்குக் கூட்ட நோட்டீஸ் போனது? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

ஜூன் 12

ஆப் இருக்கிறது என்கிறீர்கள். சரி, இருக்கட்டும், நல்லதுதான். தெருவிளக்கு எரியவில்லை, கிளை விழுந்து கிடக்கிறது, குப்பை எடுக்கவில்லை என்றால் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்யலாம், நம்ம சென்னை ஆப்பில் படம் எடுத்துப் போடலாம். இதற்கெல்லாம் சங்கம் வேண்டியதில்லை.

ரோடு போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால் ஒவ்வொரு தடவையும் ரோடு சில அங்குலம் ஏறும். இருபது வருடத்தில் வாசற்படி தெருவுக்குக் கீழே போய்விடும், மழை பெய்தால் தெருத் தண்ணீர் ஹாலுக்கு வரும். சென்னையின் எந்தப் பழைய நகரிலும் இப்படிப் பள்ளத்தில் நிற்கும் வீடுகளைப் பார்க்கலாம். 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அறிவுறுத்தி அனுப்பினார். உத்தரவு இருக்கிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு வண்டி வந்து நிற்கும்போது, மில்லிங் எவ்வளவு ஆழம் என்று அங்கேயே நின்று கேட்க ஆள் வேண்டும். தனி ஆளாகப் போய்க் கேட்டால் "நீங்க யாரு சார்?" என்றுதான் பதில் வரும்.

எங்கள் மூன்றாவது தெருவில் போட்ட ராத்திரி பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். ஒரு பெரியவர் தன் வீட்டு கேட் தூணில் பழைய ரோட்டு மட்டத்தைச் சிவப்புப் பெயிண்டால் கோடு இழுத்து வைத்திருந்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினோம். அவரும் டேப்பை வைத்து அளந்து பார்த்தார், தலையாட்டினார், இன்னொரு முறை மெஷினை ஓட்டச் சொன்னார். புது ரோடு அந்தக் கோட்டுக்குச் சமமாக வந்து நின்றது. இன்றைக்கும் கோடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இந்த வேலையை எந்த ஆப்பும் செய்யாது.

கவுன்சிலர் இருக்கிறார் என்றும் சொன்னீர்கள். இப்போது இருக்கிறார். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் சென்னையில் 200 வார்டுகளில் ஒன்றுக்கும் கவுன்சிலர் கிடையாது. வர்தா புயல், 2019 தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா எல்லாமே அந்த இடைவெளியில் வந்தவை. வர்தாவில் சாய்ந்த மரத்தை அறுத்து, ஆம்புலன்ஸ் போக வழி விட்டது யார் என்று உங்கள் தெருவில் பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 12, சற்று நேரம் கழித்து

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. விளக்குப் புகாரில் கம்பத்து எண்ணை எழுதுங்கள். "பிள்ளையார் கோயில் பக்கத்தில்" என்று எழுதினால் வருகிறவர் எந்தப் பிள்ளையார் என்று தேடுவார். எங்கள் தெருவில் கம்பத்து எண்களைக் குறிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டோம். ராத்திரி எட்டு மணிக்கு நோட்டும் பேனாவுமாக ஓடுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி "ஒரு லைட் யோசிச்சு யோசிச்சு எரியுது ஆன்ட்டி" என்று எழுதச் சொன்னாள். புகாரிலும் கிட்டத்தட்ட அப்படியேதான் எழுதினோம். சோக் மாற்றிவிட்டுப் போனார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

"அந்தக் காலத்தில் மட்டும் எப்படி நடந்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சென்னையில் தெருச் சங்கங்கள் பெருகியதற்குப் பெரிய காரணம் குப்பை. 1989-இல், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எம்.பி. நிர்மல் எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். வீடு வீடாக வந்து குப்பை எடுக்கும் வழக்கம் அப்போது கிடையாது. தெருமுனைத் தொட்டி வழியும், மாடு கிளறும். தெருக்காரர்களே சேர்ந்து ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கி, ஒருவரை வேலைக்கு வைத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலித்துச் சம்பளம் கொடுப்பதுதான் ஏற்பாடு. குப்பை எடுப்பவர் என்று சொல்லாமல் அவருக்கு "ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்" என்று பெயர் கொடுத்தார்கள். ஒரு தெருவைப் பார்த்து அடுத்த தெரு, அதைப் பார்த்து அடுத்த நகர் என்று பரவியது.

எங்கள் பகுதி 2011 வரை மாநகராட்சிக்கு வெளியே இருந்தது. நகருக்குள் 2000-இல் ஓனிக்ஸ் கம்பெனி சில மண்டலங்களில் குப்பை அள்ள வந்தபிறகும் எங்களுக்கு மூன்று சக்கர வண்டிதான். காலை ஏழு மணிக்கு விசில் சத்தம் கேட்கும். எல்லா போர்ஷனிலிருந்தும் பக்கெட்டோடு இறங்குவார்கள். வண்டிக்காரருக்குச் சொந்த வீடு, வாடகை வீடு என்ற பேதம் கிடையாது. மாதம் பிறந்தால் எல்லாக் கதவையும் தட்டி வசூல். தட்டுகிறவருக்கு யார் புதிதாக வந்திருக்கிறார், எந்த ஊர், பெரியவருக்கு உடம்பு எப்படி என்று எல்லாம் தெரியும். சங்கம் என்றால் அப்போது அந்த வசூல்தான். கூட்டம் வருடத்துக்கு ஒரு தடவை, பெயருக்கு.

மாநகராட்சியோடு சேர்ந்தபின் குப்பை வண்டி தானாக வர ஆரம்பித்தது. வரவேண்டியதுதான், அது அரசாங்கத்தின் வேலை. ஆனால் அதோடு மாதாமாதம் கதவு தட்டுவதும் நின்றுபோனது. சங்கத்திடம் மிச்சம் இருந்த வேலைகள் பட்டா, பாதாளச் சாக்கடை இணைப்பு, சொத்துவரிச் சந்தேகம். எல்லாம் வீட்டுக்காரர் சமாச்சாரம். மெல்ல மெல்ல, வீட்டுக்காரர்கள் வீட்டுக்காரர்களுக்காகக் கூடுகிற இடமாக ஆகிவிட்டது. அவர்களுக்கும் வயதானது. பிள்ளைகள் வெளிநாடு. நீங்கள் பார்த்த ஒன்பது பேர் இப்படித்தான் மிஞ்சியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. மக்களுக்கு அக்கறை போய்விட்டது என்கிற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெருவில் பாதிக்கு மேற்பட்டவர்களை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்றால் எப்படி?

ஜூன் 19

எதிர்பார்த்த பதில் வந்துவிட்டது. "வாடகைக்காரர் பதினோரு மாத அக்ரிமென்ட்டில் இருப்பவர். இன்று இருப்பார், நாளை போவார். அவருக்கு எதற்கு ஓட்டு?"

எங்கள் இரண்டாவது தெருவில் ஒரு குடும்பம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தே பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, படிக்க வைத்து, வேலைக்கும் அனுப்பிவிட்டது. வீட்டின் சொந்தக்காரர் நியூஜெர்சியில் இருக்கிறார். எங்கள் பழைய பைலாப்படி, அதாவது சங்கத்தின் விதிகளின்படி, ஓட்டு அவருக்குத்தான். தெருவில் தண்ணீர் தேங்கினால் அவர் காலா நனைகிறது?

அரசாங்கமே இப்படிப் பிரிப்பதில்லை. 2022-இல் விதி போட்டு நகரங்களில் பகுதி சபை கொண்டுவந்தார்கள். முதல் சபைகள் அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கூடின. கிராமசபை மாதிரி, அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாரும் அதில் சேர்த்தி. சொந்த வீடா என்று யாரும் கேட்பதில்லை. கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவருக்குத் தெருச் சங்கத்தில் உட்காரும் உரிமை இல்லை என்பதற்கு என்ன நியாயம் சொல்வது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்குக் கோபம் வந்தாலும் சரி. வீடு வாடகைக்கு விடும்போதே "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா, எந்த ஊர்ப் பக்கம்" என்று சுற்றி வளைத்துச் சாதியைக் கேட்கிற பழக்கம் நம் நகர்களில் இருக்கிறது. அந்தப் பார்வைதான் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "நிரந்தரக் குடியிருப்பாளர் மட்டும்" என்று எழுதுவது மேலுக்கு நாகரிகமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஜூன் 20

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். வாடகைக்காரருக்கு எதற்கு ஓட்டு என்று கேட்டவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. நீண்ட காலத்துக்கான செலவு என்று வரும்போது வாடகைக்காரரிடம் கேட்பது சரியில்லை. அரசும் மக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் நமக்கு நாமே திட்டத்தில் ஒரு பணி எடுத்தால் பொதுமக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும். அதனால் சொத்து மதிப்பு ஏறினால் பலன் வீட்டுக்காரருக்கு. ஆகவே நாங்கள் இரண்டு கணக்கு வைத்திருக்கிறோம். மாதச் சந்தா எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தொகை, மிகச் சிறியது. பணிநிதி வீட்டுக்காரரிடம் மட்டும், அதுவும் தீர்மானம் போட்டபிறகு. பணிநிதியை எதற்குச் செலவழிப்பது என்பதில் வாடகைக்காரர் பேசலாம், வாக்களிப்பது வீட்டுக்காரர். மற்ற எல்லாவற்றிலும் வாக்கு சமம். இந்த ஏற்பாட்டைக் கேட்டபிறகுதான் எங்கள் பெரியவர்கள் இறங்கி வந்தார்கள்.

ஜூன் 24

இதுக்கெல்லாம் எங்கே ஆரம்பம் என்று நேற்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். 2019 கோடையில்தான்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்த வருடம் அது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, ஜூலை 12 முதல் ரயில், அந்தக் கோடை. எங்கள் பகுதியில் போர் வெறும் காற்றை இழுத்தது. லாரி வந்தால் தெருமுனை சின்டெக்ஸில் விடுவார்கள், அங்கிருந்து குடத்தில் பிடிப்பது. சங்கம்தான் வரிசையை ஒழுங்குபடுத்தியது. வீட்டுக்கு எட்டுக் குடம் என்று தீர்மானம்.

ஒரு நாள் வரிசையில் நின்ற ஒரு பெண், பக்கத்து மாடியில் மூன்று குழந்தைகளோடு இருப்பவள், குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா, எங்க வீட்டுல நாலு குடும்பம். கீழ இருக்கிற ஹவுஸ் ஓனர் எட்டும் எடுத்துட்டாங்க. எங்க கணக்கு எங்க இருக்கு?" நோட்டில் தேடினேன். அவள் பேர் இல்லை. அந்த மாடியில் இருந்த யார் பேருமே இல்லை. கதவு எண் 11, ஒரு பேர், எட்டுக் குடம்.

மறுநாளிலிருந்து குடும்ப அட்டைக் கணக்கில் டோக்கன் கொடுத்தோம். அட்டை இல்லாதவர்களுக்குக் கேஸ் புக். சிலர் சத்தம் போட்டார்கள், நான்கு நாளில் அடங்கியது. டோக்கன் எழுதுவதற்காகப் போட்ட அந்தப் பட்டியல்தான் எங்கள் சங்கத்தின் முதல் உண்மையான பட்டியல்.

ஜூன் 30, ஞாயிறு

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டிருந்தவருக்கு.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் எங்கள் பக்கம் படகு விட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க, அதை நோக்கிப் போகும் தண்ணீர் எங்கள் தெருவில் தங்கிவிடுகிறது. அந்த மழையில் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள்தான் எல்லாம் இழந்தார்கள். கீழ்த்தளம் என்றால் எங்கள் பக்கம் பெரும்பாலும் வாடகைக்காரர், ஏனென்றால் வீட்டுக்காரர்கள் மாடி கட்டி மேலே போயிருப்பார்கள். அப்போது எங்களிடம் இருந்தது சொந்தக்காரர்களின் போன் நம்பர் மட்டும். அந்த நம்பருக்கு அடித்தாலும் டவர் இல்லை. எந்த வீட்டுக் கீழ்த்தளத்தில் எத்தனை பேர் என்று தெரியாமல் இருட்டில் கதவு கதவாகக் குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள்.

2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது நிலைமை வேறு. டிசம்பர் 3 மாலையே காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது, 4-ஆம் தேதி கரண்டும் போனது, போனும் செத்தது. வாட்ஸ்அப் குரூப்பில் முந்நூறு பேர் இருந்து ஒன்றுக்கும் உதவவில்லை. உதவியது ஒரு சார்ட் பேப்பர். தெருவுக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு மாடிவீட்டில் மாட்டியிருந்தோம். கதவு எண், தளம், எத்தனை பேர், படுத்த படுக்கையாக யாராவது உண்டா, இன்சுலின் போடுகிறவர் யார், கைக்குழந்தை எங்கே, பக்கத்தில் சாவி யாரிடம். இரண்டாம் வருடக் கல்லூரிப் பையன் ஒருவன், வாடகை வீட்டுப் பிள்ளை, அந்தப் பட்டியலைப் பார்த்துக் கீழ்த்தளம் எல்லாவற்றையும் மதியத்துக்குள் காலி செய்ய வைத்தான். மாடியில் இருந்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். ஒரு வீட்டு ஹாலில் நான்கு குடும்பம். இன்சுலின் பாட்டில்களை ஒரு மண்பானைக்குள் வைத்து, ஈரத்துணி சுற்றி, அதற்கென்று ஒரு பாட்டியைப் பொறுப்பாகப் போட்டார்கள். அவர் யாரையும் பானையைத் தொட விடவில்லை.

அந்தப் பட்டியலை வருடத்துக்கு இரண்டு தடவை, ஆடியிலும் புரட்டாசிக் கடைசியிலும், திருத்த வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், அதற்குள் முடிந்திருக்க வேண்டும். சங்கத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஜூலை 2

நாய்ப் பிரச்சினைக்குத் தனியாகவே ஒரு விவாதம் வேண்டும். சுருக்கமாக: 2023-இல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளின்படி தெருநாய்களுக்கு எங்கே, எப்போது உணவு வைப்பது என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு குடியிருப்போர் சங்கத்துக்கும் இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, கேட் வாசல் எல்லாவற்றையும் தவிர்த்து ஒரு மூலை, ஒரு நேரம். சோறு வைக்கிற இருவரையும் நாய்க்குப் பயந்த இருவரையும் ஒரே நடையில் கூட்டிக்கொண்டு போய் அந்த மூலையைக் காட்டச் சொன்னோம். நால்வரும் ஒரே இடத்தைக் காட்டினார்கள், கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன் சுவரோரம். குரூப்பில் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டது நேரில் அரைமணி நேரத்தில் முடிந்தது.

ஜூலை 5

வாட்ஸ்அப்புக்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: இரண்டு குரூப். ஒன்று அறிவிப்புக்கு, அட்மின் மட்டும் எழுதலாம்: தண்ணீர் வராத நாள், கரண்ட் கட், கூட்டம். இன்னொன்று பேச்சுக்கு. அதில் குட்மார்னிங், அரசியல், வெண்பொங்கல் படம் எதுவும் போடட்டும். ஆனால் அங்கே எழுதியது புகாராகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டோம். புகார் என்றால் தெருப் பொறுப்பாளரிடம் நேரில் அல்லது நோட்டில். தெருப் பொறுப்பாளர் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. "வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொள்வோமோ" என்ற பயம் போனால் பெண்கள் தாராளமாக முன்வருகிறார்கள். எங்கள் ஐந்து தெருவில் நான்குக்கு இப்போது பெண்கள், மூவர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். கூட்டத்தை ராத்திரி எட்டு மணியிலிருந்து ஞாயிறு மாலை நாலரைக்கு மாற்றியதும் ஒரு காரணம். எட்டு மணிக்குத் தோசை யார் வார்ப்பது?

ஜூலை 9

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். சந்தோஷம். "மீட்டர் எண்ணினேன், முந்நூற்றைத் தாண்டுகிறது. பைலாவைத் தேடி எடுத்தேன், 'மனை அல்லது வீட்டின் உரிமையாளர்' என்றுதான் உறுப்பினர் தகுதி போட்டிருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களில் யாரை முதலில் கூப்பிடுவது என்றே தெரியவில்லை, ஒருவரையும் பழக்கமில்லை."

உங்கள் தெருவில் இஸ்திரி வண்டி இருக்கிறதா? அவரிடம் போங்கள். எந்தப் போர்ஷனில் யார் குடிவந்தார், யார் காலி செய்தார் என்பது அவருக்கு முதலில் தெரியும். எங்கள் கூட்ட நோட்டீஸ் அவர் வண்டி நிழலில்தான் ஒட்டுகிறோம், மாதக் கணக்கும் அங்கேதான். முழுத்தாளில் கையால் எழுதியது: வரவு, செலவு, கையிருப்பு, யார் கையில். துணி கொடுக்க வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். ஒரு தடவை "எறும்புப் பவுடர் 60 ரூபாய்" என்று இருந்ததை ஒரு மாணவி படித்துவிட்டு "எதுக்கு?" என்று கேட்டாள். சங்க அறையில் ரசீது புத்தகத்தை எறும்பு அரிக்கிறது என்று பொருளாளர் கூட்டிப்போய்க் காட்டினார். இப்போது அவள்தான் கணக்கை எழுதி ஒட்டுகிறாள். சந்தா பாக்கிக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே மருந்து இந்தத் தாள்தான். கணக்கு கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால் கேட்காமலே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று தோன்றுகிறது. அந்த இஸ்திரிக்காரர் குடியிருப்பது வேறு பகுதியில். இங்கே தூங்குமூஞ்சி மரத்தடியில் பல வருடமாகத் தொழில் செய்கிறார். "குடியிருப்பவர் எல்லாரும்" என்று நான் பேசுகிற கணக்கில் அவரும் வரவில்லை, வீட்டுவேலைக்கு வருகிறவர்களும் வரவில்லை. மரத்தை வெட்டலாமா என்று நாங்கள் தீர்மானம் போட்டால் அவர் பிழைப்பு போகும். அடுத்த பொதுக்குழுவில் இதை வைக்கப்போகிறேன். வாக்கு கொடுக்க முடியாவிட்டாலும், அவர்களைப் பாதிக்கிற விஷயத்தில் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று எழுதி வைக்க வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

பைலாவை எப்படி மாற்றுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் வழி இது.

சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவானதா என்று பாருங்கள். பதிவுக்கு ஏழு பேர் போதும், ஆகவே ஒன்பது பேரைக் குறைவு என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது, நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கு மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். இதில் பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பைலா திருத்தத்தைக் கொண்டுபோகும்போது அங்கேயே நிற்கும். உறுப்பினர் தகுதியை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். நோட்டீஸில் திருத்தத்தின் வாசகத்தை முழுசாக அச்சடித்துக் கொடுங்கள், "பைலா திருத்தம் குறித்து" என்று ஒற்றை வரி போடாதீர்கள். பழைய வாசகம் ஒரு பக்கம், புது வாசகம் ஒரு பக்கம். எதிர்ப்பவர்கள் வீட்டுக்கு முன்கூட்டியே போய் உட்கார்ந்து பேசுங்கள், காப்பி கொடுத்தால் குடியுங்கள். எங்கள் மூத்த மாமா ஒருவர் கடைசி வரை எதிர்த்தே வாக்களித்தார். ஆனால் திருத்தம் நிறைவேறியதும் மாடிப் போர்ஷன் பையனுக்குத் தன் கையால் உறுப்பினர் ரசீது கிழித்துக் கொடுத்தவர் அவர்தான்.

எங்கள் திருத்தத்தின் வாசகம் இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"சங்க எல்லைக்குள் சொந்தமாகவோ வாடகைக்கோ குத்தகைக்கோ குடியிருக்கும் 18 வயது நிறைந்த எவரும் உறுப்பினராகலாம். எல்லைக்குள் மனை அல்லது வீடு வைத்திருந்து வெளியூரில் வசிப்பவரும் உறுப்பினராகலாம். குடியிருப்பதற்கான சான்றாக வாக்காளர் அடையாள அட்டை, குடும்ப அட்டை, எரிவாயு இணைப்புப் புத்தகம் ஆகியவற்றில் ஒன்றோ, அவை இல்லாதபோது அதே தெருவின் இரு உறுப்பினர்களின் கையொப்பமோ போதும். வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் தேவையில்லை."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி யாராவது கட்டாயம் கேட்பார்கள். எடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பாதிப் பேர் சேர மாட்டார்கள், காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயப்படுவார்கள். அப்புறம், திருத்தம் பதிவாகி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கீழ்த்தளப் பட்டியலை இந்த ஆடியிலேயே எடுக்க ஆரம்பியுங்கள். அதற்குத் தீர்மானமும் வேண்டாம், பதிவாளரும் வேண்டாம்.